மாவட்டம் மாறினால் பல்கலைக்கழக அனுமதி என்னவாகும்?

கண்டிக்கு வரும், கண்டியிலிருந்து போகும் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ பிள்ளையைக் கண்டிக்குக் கூட்டிவந்து உயர்தரம் படிக்கவைக்க நினைக்கும் பெற்றோர் முதலில் பாடசாலை கிடைக்குமா, தங்க அறை கிடைக்குமா, டியூசன் வகுப்புக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறார்கள். பிள்ளை இனி எந்த மாவட்டத்துப் பிள்ளையாகக் கணக்கில் எடுக்கப்படும் என்ற கேள்வி பெரும்பாலும் பெறுபேறு வந்த பிறகுதான் வருகிறது. அப்போது மாற்றக்கூடியது எதுவும் மிச்சம் இருக்காது. அதனால்தான் இந்த அத்தியாயம் பாடசாலை மாறுவதற்கு முன்பே வாசிக்கப்பட வேண்டியது.

பணமல்ல, இடம்தான் பிரச்சினை

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்த மாணவர், புதிய மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க வேண்டுமானால், பெரும்பாலான மாநிலங்களில் குறைந்தது 12 மாதமாவது அங்கே உண்மையாக வசித்திருக்க வேண்டும். படிப்புக்காக மட்டும் வந்து தங்கியவர் அல்ல என்பதையும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பல மடங்கு கட்டணம்.

இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது; இன்று கண்டிப் பிள்ளையும் நுவரெலியாப் பிள்ளையும் பேராதனையில் கற்பித்தல் கட்டணமின்றித்தான் படிக்கிறார்கள். ஆனால் மாவட்டம் இங்கே வேறொன்றைத் தீர்மானிக்கிறது: பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை. அமெரிக்க மாணவர் தவறாகக் கணக்குப் பார்த்தால் கூடுதல் பணம் கட்டிப் படிக்கலாம். இங்கே தவறாகக் கணக்குப் பார்த்தால் மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போகும் வாய்ப்பே கைவிட்டுப் போகலாம்.

40, 55, 5: இந்த மூன்று எண்களின் பொருள்

மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளின் இடங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூன்று பங்காகப் பிரிக்கிறது.

முதல் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். இதில் மாவட்டம் பார்ப்பதில்லை. அடுத்த 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகை விகிதப்படி பகிரப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படும். அந்த 16 மாவட்டங்கள்: நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, அம்பாந்தோட்டை, அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை.

இந்தப் பட்டியலில் கண்டி இல்லை, மாத்தளையும் இல்லை, கேகாலையும் இல்லை. மலையகத் தமிழ்ப் பெற்றோர் பலர் இதைத் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். பன்விலையிலோ புசல்லாவையிலோ ஒரு தோட்டப் பாடசாலை எவ்வளவு வசதி குறைந்ததாக இருந்தாலும், அது கண்டி மாவட்டத்துக்குள் இருந்தால் அதன் மாணவர் கண்டி மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியைத்தான், அதாவது இடம் பெறத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியைத்தான், தாண்ட வேண்டும். பின்தங்கிய நிலை பாடசாலைக்குப் பாடசாலை பார்க்கப்படுவதில்லை, முழு மாவட்டத்துக்குமாகத்தான் கணிக்கப்படுகிறது.

கணக்காகவே பார்ப்போம். ஒரு கற்கைநெறிக்கு 1,000 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 550 மாவட்டங்களுக்கு. 50 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடியே 3 இலட்சத்து 60 ஆயிரம். கண்டி மாவட்டத்தில் 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர். நுவரெலியாவில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். அந்த விகிதப்படி கண்டிக்கு 550இல் ஏறத்தாழ 37 இடங்களும் நுவரெலியாவுக்கு 19 இடங்களும் வரும். மேலதிக 50இல் நுவரெலியாவின் பங்காக இன்னும் நான்கு இடங்கள் அளவில் சேரும்.

இடங்களின் எண்ணிக்கையில் கண்டிதான் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த 37 இடங்களுக்கும் போட்டியிடுபவர்கள் யார் என்று பாருங்கள். கண்டி நகரின் பெரிய பாடசாலைகளில் பல தலைமுறைகளாக விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கப்படுகின்றன; ஆய்வுகூடமும் ஆசிரியரும் உண்டு; வெளியே வாரம் முழுதும் டியூசன் வகுப்புகள் நடக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே மருத்துவம், பொறியியல் துறைகளில் நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி கண்டியைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது. பெற்றோரின் கணக்குகளும் கவலைகளும் இந்த இடைவெளியிலிருந்துதான் கிளம்புகின்றன.

இசட் புள்ளி எங்கே வருகிறது?

வெட்டுப்புள்ளி என்பது இசட் புள்ளியில் சொல்லப்படும். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடங்களின் சராசரி உங்கள் இசட் புள்ளி. கடினமான வினாத்தாள் எழுதியவரும் இலகுவான வினாத்தாள் எழுதியவரும் ஒரே அளவுகோலில் நிற்பதற்காக 2001இல் இம்முறை அறிமுகமானது. இதை முன்வைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில்.

இசட் புள்ளி நாடு முழுவதற்கும் ஒன்றாகவே கணிக்கப்படுகிறது. கண்டியில் எழுதினாலும் நுவரெலியாவில் எழுதினாலும் அதே விடைத்தாளுக்கு அதே இசட் புள்ளிதான். அந்தப் புள்ளியோடு எந்த மாவட்ட வரிசையில் நிற்கிறீர்கள் என்பது மட்டுமே மாறும்.

எதை வைத்து மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது?

பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றியவருக்கு முதலில் பார்க்கப்படுவது படித்த பாடசாலை எந்த நிருவாக மாவட்டத்தில் இருக்கிறது என்பதும், பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் எவ்வளவு காலம் படித்தார் என்பதும்தான். பரீட்சை எழுதிய மண்டபம் இருந்த இடம் போதாது. பிறந்த ஊரோ, அப்பாவின் வாக்கு இருக்கும் ஊரோ தனியாக நின்று உதவாது. பாடசாலைக்கு வெளியே தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுபவருக்கு வசிப்பிடச் சான்றுகள் முக்கியமாகின்றன.

எத்தனை ஆண்டு, எந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது, இரண்டு மாவட்டங்களில் படித்தவருக்கு எது பொருந்தும் என்பவை ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் சட்ட வாசகமாக இருக்கும். உங்கள் பரீட்சை ஆண்டுக்கான கைநூல் பெறுபேற்றுக்குப் பிறகுதான் வரும். ஆகவே பாடசாலை மாற யோசிக்கும்போதே கடைசியாக வெளிவந்த கைநூலை எடுத்து அந்தப் பகுதியை வரிக்கு வரி வாசியுங்கள். பிறகு புதிய கைநூல் வந்ததும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். டியூசன் ஆசிரியர் சொன்னார், அயல்வீட்டு அண்ணா அப்படித்தான் போனார் என்பதையெல்லாம் நம்பித் தீர்மானம் எடுக்கவேண்டாம். அந்த அண்ணாவின் ஆண்டு வேறு, அவருடைய பாடசாலைத் திகதிகளும் வேறு.

கண்டி எல்லையில் நிற்பவர்கள்

கண்டி மாவட்டத்தின் தெற்கு எல்லை தோட்டங்களுக்கூடாகப் போகிறது. நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். அங்கிருந்து ஹட்டன் பக்கம் ரயிலில் ஏறினால் வழியில் வரும் வட்டவளை நுவரெலியா மாவட்டம். கினிகத்தேனையும் நுவரெலியா மாவட்டம்தான். கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் புசல்லாவை நகரம் கண்டிப் பக்கம். அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கொத்மலைப் பிரதேசம், அதாவது நுவரெலியா மாவட்டம், தொடங்கிவிடுகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு எல்லை கடந்தது தெரியாது. உங்கள் தபால் நிலையத்தின் பெயரை வைத்தும் மாவட்டத்தை ஊகிக்காதீர்கள். பாடசாலை எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

இந்தப் பகுதியில் அடிக்கடி எழும் நான்கு நிலைமைகளைப் பார்க்கலாம்.

முதலாவது: வீடு வட்டவளைப் பக்கத் தோட்டத்தில், பாடசாலை ஆறாம் தரத்திலிருந்தே நாவலப்பிட்டியில். தினமும் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வருகிறார். குடும்பம் முழுவதும் நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும் படிப்பெல்லாம் கண்டி மாவட்டத்தில். இவர் கண்டி மாவட்ட வரிசையில் நிற்கவேண்டி வரும் என்று எதிர்பார்த்தே தயாராக வேண்டும்.

இரண்டாவது: ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து கண்டி நகரப் பாடசாலை ஒன்றுக்கு வந்து, விடுதியில் தங்கி உயர்தரம் வரை படிக்கும் பிள்ளை. இவரும் அப்படியே. பத்து வயதில் எடுத்த முடிவு பதினெட்டு வயதில் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மகிழ்ச்சியில் பாடசாலைத் தெரிவுப் படிவத்தை நிரப்பும்போது எந்தப் பெற்றோரும் இதை நினைப்பதில்லை. நல்ல பாடசாலை தரும் எட்டு ஆண்டுக் கல்வி, வெட்டுப்புள்ளி இடைவெளியை ஈடுசெய்துவிடலாம். ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

மூன்றாவது: சாதாரண தரம் வரை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ படித்து, உயர்தரத்துக்கு மட்டும் கண்டிக்கு வருபவர். மிக அதிகமானோர் இந்த வகையினர்; மிக அதிகமான குழப்பமும் இங்கேதான். இரண்டு மாவட்டங்களிலும் இவருக்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு தாளில் தரம் 8இலிருந்து ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்ந்த திகதியையும் விலகிய திகதியையும் எழுதுங்கள். கைநூலின் விதியைப் பக்கத்தில் வைத்து மாதங்களை எண்ணுங்கள். சில மாதங்கள் கூடக்குறைய இருந்தாலும் விடை மாறக்கூடியவர் இவர்தான். சந்தேகம் தீராவிட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவின் அனுமதிப் பிரிவுக்குத் திகதிகளைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் பெற்றுக் கோவைப்படுத்துங்கள்.

நான்காவது: சாதாரண தரம் வரை கண்டியில் படித்து, உயர்தரத்துக்கு நுவரெலியா மாவட்டப் பாடசாலைக்குப் போக நினைப்பவர். தகப்பனின் தொழில் மாறி, குடும்பமே நானுஓயாவுக்கோ ஹட்டனுக்கோ போயிருந்தால் அதில் தவறில்லை. மேலே சொன்ன அதே கணக்குத்தான் இவருக்கும். வெட்டுப்புள்ளிக்காக மட்டும் பெயரை அங்கே பதிந்துவிட்டு, பிள்ளை கண்டியில் டியூசன் வகுப்பில் இருப்பதென்றால் விடயம் வேறு.

குறுக்குவழியைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டியது

வெளிமாவட்ட மாணவர்கள் பெயரளவில் பதிந்து நுவரெலியா மாவட்ட இடங்களைப் பெற்றுவிடுகிறார்கள் என்ற குறை மலையகத்தில் நீண்டகாலமாக உண்டு. அது வெறும் பொறாமைப் பேச்சல்ல. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 1,000 இடங்களில் ஏறத்தாழ 23. அதில் மூன்று பேர் வெளியிலிருந்து வந்து அமர்ந்தால், வெட்டுப்புள்ளி உயர்ந்து, மூன்று உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். பெரும்பாலும் அவர்கள் லயத்து அறையில் மின்விளக்கு ஒன்றின் கீழ், உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து அந்தப் புள்ளிவரை வந்தவர்களாக இருப்பார்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டின் வரலாறே கசப்பானது. 1970களின் தொடக்கத்தில் மொழிவழித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது யாழ்ப்பாணத்து மாணவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் காயம் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் இன்று நடைமுறையில் உள்ள ஏற்பாட்டில், தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு கொஞ்சமாவது திறந்திருப்பது இந்த ஒதுக்கீட்டால்தான். அதைப் பொய்ப் பதிவால் அடைப்பது சின்ன விதிமீறல் அல்ல.

நடைமுறை ஆபத்தும் உண்டு. விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தது தெரியவந்தால் அனுமதி இரத்தாகும்; பீடத்தில் சேர்ந்த பிறகும் அது நடக்கலாம். பதிவேட்டில் பெயர் போட்டுத்தர ஓர் இடைத்தரகர் காசு கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆவணங்கள்: இப்போதே சேர்க்க வேண்டியவை

நேர்மையாக மாறியவர்கள்கூடத் தடுமாறுவது ஆவணத்தில்தான். கீழுள்ளவற்றை ஒரு கோவையில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள்.

1. ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் பெற்ற விடுகைப் பத்திரம். சேர்ந்த திகதி, விலகிய திகதி, படித்த தரங்கள் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு பாடசாலையிலிருந்து விலகிய திகதிக்கும் அடுத்ததில் சேர்ந்த திகதிக்கும் இடையில் மாதக்கணக்கில் வெற்றிடம் இருந்தால் அதற்கான காரணத்தை அப்போதே எழுத்தில் பெறுங்கள்.

2. தேர்ச்சி அறிக்கைகள். தவணைக்குத் தவணை பாடசாலையில் இருந்ததற்கு இவை சாட்சி. சாதாரண தரம் முடிந்ததும் வீசிவிடாதீர்கள்.

3. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன். குடும்பம் மாறியிருந்தால் பழைய பிரிவிலிருந்தும் புதிய பிரிவிலிருந்தும்.

4. பெற்றோரின் பெயருள்ள வாக்காளர் இடாப்புப் பிரதிகள். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வீடு மாறிய ஆண்டே கிராம உத்தியோகத்தரிடம் பெயரை மாற்றிப் பதியுங்கள்.

5. வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல். கட்டுக்கலையிலோ முல்கம்பொலையிலோ அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கு இவை பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அவரிடமிருந்து ஒரு கடிதமாவது பெறுங்கள்.

6. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை.

தோட்டத்தில் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. லயத்து வீட்டுக்குப் பல இடங்களில் தனி இலக்கமே இல்லை; முகவரி தோட்டத்தின் பெயரோடும் 'மேற்பிரிவு', 'கீழ்ப்பிரிவு' என்பதோடும் முடிந்துவிடும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் கடிதம் மாறிப்போகும். ஆகவே கிராம உத்தியோகத்தர் சான்றிதழுடன், குடும்பம் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டாக வசிக்கிறது என்று தோட்ட நிர்வாகத்திடமும் கடிதம் வாங்கி வையுங்கள்.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு விதமாகவும், பாடசாலைப் பதிவில் தமிழில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து விடுபட்டும் இருப்பது மலையகத்தில் சாதாரணம். சின்ன வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசி உதவலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் திருத்த மாதங்கள் எடுக்கும். உயர்தர விண்ணப்பத்துக்கு முன் அதை முடியுங்கள்.

இன்னும் சில கேள்விகள்

கண்டி மாவட்டத்தில் தெரிவானால் பேராதனை நிச்சயமா? இல்லை. மாவட்ட வெட்டுப்புள்ளி கற்கைநெறிக்கு நுழைவைத் தருகிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது உங்கள் இசட் புள்ளியையும், விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை எப்படி எழுதினீர்கள் என்பதையும் பொறுத்தது. வீடு பக்கம் என்பதற்காக வரிசையை அவசரமாக எழுதிவிடாதீர்கள்.

மீண்டும் எழுதலாமா? உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றியவர் வரை அனுமதிக்குக் கருதப்படுவார். இரண்டாம் தடவை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, வேறு மாவட்டத்தில் தங்கி எழுதுவதாக இருந்தால், வசிப்பிடச் சான்றுகளையும் கைநூலின் விதியையும் மறுபடி பாருங்கள்.

உதவித்தொகைக்கு மாவட்டம் பார்ப்பார்களா? 1981இல் லலித் அத்துலத்முதலி ஆரம்பித்த மகாபொல புலமைப்பரிசிலுக்கும், பல்கலைக்கழக நிதியுதவிக்கும் பரீட்சைத் திறமையோடு குடும்ப வருமானம் போன்றவை பார்க்கப்படுகின்றன. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலத் தொகையை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், நிதியுதவியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்த அறிவிக்கப்பட்டது. விண்ணப்பத்தில் எழுதும் வசிப்பிடமும் வருமானச் சான்றும் மாவட்ட ஆவணங்களோடு முரண்படாமல் இருக்கட்டும்.

மாவட்டம் பார்க்காத வழி இருக்கிறதா? இருக்கிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் உள்ளது. அங்கே கட்டணம் உண்டு. மாவட்ட வெட்டுப்புள்ளி கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் முடியும்.

மாறுவதா, வேண்டாமா?

ஒரே அளவுகோல் போதும்: பிள்ளைக்கு நன்றாகக் கற்பிக்கும் இடம் எது? தோட்டத்துக்கு அருகில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை, கண்டியில் இருக்கிறார் என்றால், மாவட்டம் மாறினாலும் வருவது நியாயமான முடிவு. ஆசிரியர் இல்லாமல் இரண்டு ஆண்டுகளைக் கழித்தால், குறைந்த வெட்டுப்புள்ளியையும் தொட முடியாது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர் இருக்கிறார் என்றால், கண்டி என்ற பெயருக்காக மட்டும் பிள்ளையைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. அங்கேயே இருந்து படித்துச் சொந்த மாவட்ட வரிசையில் நிற்பது பல பிள்ளைகளுக்கு நல்லது.

முடிவெடுக்கும் முன் மூன்று பேரிடம் போங்கள். இப்போதைய அதிபரிடம்: மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். போக நினைக்கும் பாடசாலை அதிபரிடம்: தமிழ்மொழிப் பிரிவில் இடம் உண்டா, எந்தத் திகதியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு அதே வழியில் பல்கலைக்கழகம் போன மாணவர் ஒருவரிடம்: எந்த மாவட்டத்தில் தெரிவானார், என்ன ஆவணம் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். மூன்று பதில்களையும் கைநூலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விடுகைப் பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள்.